காற்றை நிறுக்கும் தராசு: கடை வண்டியின் ஏர் ஃப்ளோ சென்சாரை நாமே சுத்தம் செய்வது எப்படி?

கடைக்கு வண்டி வைத்திருக்கும் நாம் டீசல் போடுகிறோம், ஆயில் மாற்றுகிறோம், டயர் தேய்ந்தால் கவனிக்கிறோம். ஆனால் பானெட்டுக்குள் ஒரு தராசு உட்கார்ந்து இராப்பகலாக எடை போட்டுக்கொண்டிருப்பதை நம்மில் பலர் அறிவதில்லை. அது எடை தவறினால் நட்டம் நமக்குத்தான். இதை நாங்களும் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும். கொத்தவால்சாவடியில் வெல்லமும் பருப்பும் ஏற்றிக்கொண்டு மவுண்ட் ரோடு வழியாகத் தி.நகர் கடைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஜெமினி மேம்பாலம் ஏறும்போது வண்டி இழுக்கவில்லை. டிரைவர் தம்பி ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதிக்கிறான், வண்டி மூச்சு வாங்குகிறது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்து நம் மானத்தை வாங்குகிறது. அதைவிடப் பெரிய சரக்கை அதே பாலத்தில் அதே வண்டி சிரமமில்லாமல் ஏற்றிய நாட்கள் உண்டு.

மறுநாள் பட்டறையில் விட்டோம். ஸ்கேனரை மாட்டிப் பார்த்த மெக்கானிக், "அண்ணாச்சி, ஏர் ஃப்ளோ சென்சார் போயிடுச்சு. புதுசு மாத்தணும்" என்றார். அவர் சொன்ன தொகை பல ஆயிரம். பொங்கல் கொள்முதலுக்குப் பணம் புரட்டிக்கொண்டிருக்கும் நேரம் அது. இரண்டு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு, மந்தைவெளியில் நமக்குப் பழக்கமான பெரியவர் ஒருவரிடம் போனோம். அம்பாசடர் காலத்திலிருந்து ஸ்பானர் பிடித்தவர். அவர் கேட்ட முதல் கேள்வி, "கழட்டித் துடைச்சுப் பாத்தாங்களா?" என்பதுதான். பட்டறையில் அப்படி யாரும் பார்க்கவில்லை. அரை மணி நேர வேலைக்குப் பிறகு வண்டி பழைய இழுவைக்கு வந்தது. செலவு ஒரு ஸ்பிரே டப்பா, ஓர் ஏர் ஃபில்டர், ஒரு காபி.

எல்லா வண்டிக்கும் இப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டோம். சென்சார் உண்மையிலேயே செத்துப்போவதும் உண்டு. ஆனால் புதிய சென்சாருக்குப் பணம் எடுத்துக் கொடுக்கும் முன் சுத்தம் செய்து பார்ப்பது நம் உரிமை. அதை முறையாகச் செய்யாவிட்டால் நல்ல சென்சாரும் கெட்டுப்போகும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தக் கதையும் நம்மிடம் இருக்கிறது, பின்னால் வருகிறது.

இந்தத் தராசு எதை நிறுக்கிறது?

பங்கில் நாம் காசு கொடுப்பது எண்ணெய்க்கு மட்டும்தான். எஞ்சினோ எண்ணெயை விடப் பல மடங்கு காற்றைச் சாப்பிடுகிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். சென்னை வெயிலில் அதைக் கொள்ளளவாகக் கணக்கிட்டால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. இந்த விகிதம் கெட்டால் புகை வரும், இழுவை போகும், மைலேஜ் விழும். பழைய கார்புரேட்டர் இதைக் குத்துமதிப்பாகச் செய்தது, நம் பாட்டி கைப்பிடியால் அரிசி அளந்ததைப் போல. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுகக் கைப்பிடி அளவு போதவில்லை. சென்னையில் பாரத் ஸ்டேஜ் 4 விதி 2010 ஏப்ரலில் வந்தது. பாரத் ஸ்டேஜ் 6 நாடு முழுவதும் 2020 ஏப்ரல் 1 முதல் வந்தது. இப்போது எஞ்சினுக்குள் ஒரு சிறிய கணினி கணக்குப் பார்க்கிறது. எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று அதற்குச் சொல்லும் வழிகளில் முக்கியமானது ஏர் ஃப்ளோ சென்சார். பட்டறையில் 'மாஃப் சென்சார்' என்றும் 'ஏர் மாஸ் மீட்டர்' என்றும் சொல்வார்கள்.

வேலை செய்யும் விதம் மிக எளிது. சூடான காபியை ஊதினால் ஆறுகிறது அல்லவா? பலமாக ஊதினால் சீக்கிரம் ஆறுகிறது. காற்றுக் குழாய்க்குள் ஒரு மெல்லிய கம்பியை மின்சாரத்தால் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே போகும் காற்று அதைக் குளிர வைக்கிறது. அதே சூட்டில் நிறுத்தி வைக்க எவ்வளவு மின்சாரம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்தால், எவ்வளவு காற்று போனது என்று தெரிந்துவிடும். காற்றின் கொள்ளளவை அல்ல, எடையையே இது சொல்லிவிடுகிறது. தராசு என்று நாம் சொன்னது அதனால்தான். ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1980களின் தொடக்கத்தில் இந்தச் சூட்டுக் கம்பி முறையைக் கார்களுக்குக் கொண்டுவந்தது. அதில் இருந்தது 0.07 மில்லிமீட்டர் பிளாட்டினக் கம்பி, ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிமன். அதில் ஒரு நல்ல ஏற்பாடும் இருந்தது. எஞ்சினை நிறுத்திய பிறகு கம்பியை ஒரு நொடி நேரம் சுமார் 1,000 டிகிரிக்குச் சூடாக்கி, ஒட்டிய அழுக்கை எரித்துவிடும். பின்னர் வந்த சென்சார்களில் கம்பிக்குப் பதில் மெல்லிய படலம் கொண்ட சிறு சில்லு இருக்கிறது. அந்தச் சில்லு உள்ள வகைகளில் இந்த எரிப்பு ஏற்பாடு பொதுவாக இல்லை. அழுக்கு ஒட்டினால் அது ஒட்டியபடியே இருக்கும்.

நம் கடைத் தராசில் தட்டில் மாவு படிந்தால் எடை கூடக் காட்டும். இங்கே பெரும்பாலும் தலைகீழ். கம்பியின் மேல் அழுக்கு போர்வை போல மூடிக்கொள்வதால் காற்று அதைச் சரியாகக் குளிர வைப்பதில்லை. பத்துப் படி காற்று போனால் எட்டுப் படி என்று கணினிக்குச் சொல்கிறது. கணினியும் அதை நம்பி எட்டுக்குத் தகுந்த எண்ணெயைத்தான் விடுகிறது. டீசல் வண்டியில் காற்று குறைவு என்று தெரிந்தால் புகை வராமலிருக்க எண்ணெயைக் குறைத்துவிடும். அதனால்தான் சுமையோடு பாலம் ஏறும்போது இழுவை இருக்காது. பெட்ரோல் வண்டியில் ஐட்லிங் ஏறி இறங்கும், காலை வைத்தால் ஒரு கணம் தயங்கிப் பிறகு பாயும், சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் அணைந்தும் போகலாம். டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியும்.

பணக் கணக்கையும் பார்ப்போம். கடை வண்டி ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர், மாதம் 26 நாள் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,040 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கொடுத்த வண்டி 10 கொடுத்தால் மாதம் 17 லிட்டர் கூடுதலாகக் குடிக்கும். லிட்டர் 90 ரூபாய் என்று போட்டால் 1,500 ரூபாய்க்கு மேல். ஒரு மூட்டை சரக்கில் நமக்கு நிற்கும் லாபம் எவ்வளவு என்று நமக்குத் தெரியும். மாதா மாதம் எத்தனை மூட்டை லாபம் புகைக்குழாய் வழியாகப் போகிறது என்று அவரவர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சென்னையில் ஏன் அழுக்கு அதிகம்?

நம் ஊர்க் காற்றைப் பற்றி விளக்கத் தேவையில்லை. கடற்கரைக்கு அருகே சாந்தோம், பெசன்ட் நகர், அடையாறு பக்கம் உப்புக் காற்று. மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை தொடங்கிய பிறகு லஸ் முனை, மந்தைவெளி, பனகல் பார்க் பக்கங்களில் மண் புழுதியை நாம் எல்லோரும் சுவாசித்திருக்கிறோம், வண்டியும் சுவாசித்தது. மளிகைக்காரர் வண்டிக்கு இன்னொரு கூடுதல் உபத்திரவம் உண்டு. கோதுமை மாவு, மிளகாய்த் தூள் மூட்டைகளை ஏற்றி இறக்கும்போது எழும் தூசி. கிடங்கு வாசலிலேயே வண்டியை ஓடவிட்டபடி நிறுத்தி வைத்துச் சரக்கு இறக்குவது நம் வழக்கம். அதை நிறுத்தினால் டீசலும் மிச்சம், ஃபில்டருக்கும் ஆயுள்.

இருந்தாலும் ஏர் ஃபில்டர் நல்லதாக இருந்தால் இந்தத் தூசியில் பெரும்பகுதி சென்சார் வரை போகாது. எங்கள் வண்டியில் உண்மையான குற்றவாளி அங்கேதான் இருந்தார். ஃபில்டர் பெட்டியைத் திறந்ததும் மந்தைவெளிப் பெரியவர் காகித ஃபில்டரை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஓரத்து ரப்பர் பெட்டியோடு பொருந்தாமல் ஒரு பக்கம் இடைவெளி விட்டிருந்தது. விலை மலிவு என்று நாமே வாங்கிப் போட்டது. நூறு இருநூறு மிச்சம் பிடித்தோம். புழுதி அந்த இடைவெளி வழியாக நேராகச் சென்சாருக்குப் போயிருக்கிறது. இதைச் சரி செய்யாமல் சென்சாரை மட்டும் துடைத்திருந்தால் சித்திரைக்குள் மறுபடியும் பாலத்தில் மூச்சு வாங்கியிருக்கும்.

கழுவிப் பயன்படுத்தும் வகை ஃபில்டர்களில் எண்ணெய் தடவுவார்கள். அந்த எண்ணெயை அளவுக்கு மேல் தடவினால் அதுவே பறந்து வந்து கம்பியில் படிந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும். எஞ்சினுக்குள்ளிருந்து வரும் ஆயில் ஆவியும் நாளடைவில் படியலாம்.

முதலில் நம் வண்டியில் இது இருக்கிறதா?

இதைப் பார்க்காமல் ஸ்பிரே வாங்கிவிடாதீர்கள். எல்லா வண்டியிலும் ஏர் ஃப்ளோ சென்சார் கிடையாது. 2019ல் உற்பத்தி நின்ற ஓம்னி, நம்மவர்கள் பலர் வைத்திருக்கும் ஈகோ போன்ற பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது வேறு வகை. காற்றை நேரடியாக நிறுக்காமல் எஞ்சினின் காற்று அறையில் உள்ள அழுத்தத்தைப் பார்த்துக் கணக்கிடும் 'மேப் சென்சார்' அது. பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால் கடைக்காரரும் நாமும் குழம்புவோம். இக்கட்டுரை மேப் சென்சாருக்கு அல்ல. காமன் ரெயில் டீசல் வண்டிகளில், அதாவது பழைய டீசல் டிசையர், வெர்னா போன்ற கார்கள் முதல் பல சிறு சரக்கு வண்டிகள் வரை, ஏர் ஃப்ளோ சென்சார் பரவலாக உண்டு. மின்சார மூன்று சக்கர வண்டிக்கு மாறிவிட்ட உறுப்பினர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

கண்டுபிடிப்பது சுலபம். பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டியைப் பாருங்கள். அதிலிருந்து எஞ்சினுக்குப் போகும் தடித்த கறுப்புக் குழாய் தொடங்கும் இடத்தில், பெட்டியை ஒட்டினாற்போல், ஒரு சிறிய பிளாஸ்டிக் துண்டு செருகியிருக்கும். அதில் நாலைந்து ஒயர்கள் போகும் சாக்கெட் மாட்டியிருக்கும். அதுதான் நம் தராசு. அப்படி எதுவும் இல்லாமல், எஞ்சினின் காற்று அறை மேலேயே ஒரு சிறு சென்சார் மட்டும் இருந்தால் அது மேப் வகை. சந்தேகமிருந்தால் வண்டியோடு கொடுத்த புத்தகத்தைப் பாருங்கள், அல்லது பழகிய மெக்கானிக்கிடம் கேட்டுவிடுங்கள்.

பழுது சென்சாரில்தானா என்று உறுதி செய்ய ஒரு பழைய வழி உண்டு. எஞ்சினை அணைத்துவிட்டுச் சென்சாரின் சாக்கெட்டைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிப் பார்ப்பார்கள். கணினிக்குத் தகவல் வராததால் அது மனக்கணக்கில் ஓட்டும். அப்போது வண்டி முன்பைவிட நன்றாக ஓடினால் தராசு பொய் சொல்லிக்கொண்டிருந்தது என்று பொருள். எஞ்சின் விளக்கு எரியும். பயப்பட வேண்டாம், ஆனால் அப்படியே தொடர்ந்து ஓட்டவும் கூடாது. ஸ்கேனர் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். ஸ்டீயரிங்கிற்குக் கீழே 16 பின் சாக்கெட்டில் மாட்டினால் பி0100 முதல் பி0104 வரை உள்ள எண்களில் ஏதாவது ஒன்று வந்தால் அது இந்தச் சென்சாரைச் சுட்டுகிறது. ஆனால் எண் வந்துவிட்டது என்பதால் சென்சார் செத்துவிட்டது என்று ஆகாது. ஒயர் அறுந்திருக்கலாம், குழாய் கிழிந்திருக்கலாம், வெறும் அழுக்காக இருக்கலாம். பட்டறையில் எங்களுக்குச் சொன்னது எண்ணை மட்டும் பார்த்துச் சொன்ன முடிவு.

என்ன வாங்குவது, எதைத் தொடக் கூடாது?

இந்தச் சென்சாருக்கென்றே 'மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் கிளீனர்' என்று ஸ்பிரே டப்பா விற்கிறது. ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். விலை சில நூறு ரூபாய். பிளாஸ்டிக்கைத் தாக்காமல், எதையும் மிச்சம் வைக்காமல் பறந்துவிடுவதுதான் அதன் குணம். டப்பாவின் மேல் இந்தப் பெயர் தெளிவாக இருக்க வேண்டும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்" என்று கார்புரேட்டர் கிளீனரையோ பிரேக் கிளீனரையோ எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். கார்புரேட்டர் கிளீனர் பிளாஸ்டிக்கையும் சில்லின் பூச்சையும் அரிக்கலாம். துருப்பிடித்த திருகுக்கு அடிக்கும் டபிள்யூ.டி.40 போன்ற பொது ஸ்பிரே எண்ணெய்ப் படலம் விட்டுப்போகும். நாம் எடுக்க வந்ததே எண்ணெயைத்தான். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர், சோப்புத் தண்ணீர் எதுவும் கூடாது.

ஸ்பிரே கிடைக்காவிட்டால் 99 சதவிகிதத் தூய்மையுள்ள ஐசோபுரொபைல் ஆல்கஹால் பயன்படுத்துவோர் உண்டு. ரிச்சி ஸ்டிரீட்டில் செல்போன் ரிப்பேர் செய்பவர்கள் போர்டு துடைக்க வைத்திருப்பது அதுதான். 2020ல் எல்லோர் கடையிலும் பெட்டி பெட்டியாகத் தேங்கிய கை சானிடைசரை இதற்குப் பயன்படுத்தலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது. அதில் தண்ணீரும் கிளிசரினும் வாசனையும் கலந்திருக்கும்.

செய்முறை

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். காலையில் வண்டி எடுக்கும் முன் செய்வது உத்தமம். இந்தத் திரவங்கள் தீப்பற்றக்கூடியவை. கடைக்குள்ளோ கிடங்குக்குள்ளோ செய்யவே வேண்டாம், திறந்த வெளியில் செய்யுங்கள். நம் கடை வாசலில் காலையில் விளக்கும் ஊதுபத்தியும் எரியும், பக்கத்தில் டீக்கடை அடுப்பு இருக்கும். அந்த நேரத்தில் வண்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்துங்கள். திறந்து வைத்த அரிசி, பருப்பு மூட்டைகளுக்கு அருகிலும் அடிக்கக் கூடாது. மீதி உள்ள டப்பாவை உணவுப் பொருள் அலமாரியில் வைக்காமல், வெயில் படாத தனி இடத்தில் வையுங்கள்.

சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைப்பது நல்லது. செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், திரும்ப மாட்டும்போது உதவும். சாக்கெட்டில் ஒரு சிறு பூட்டு இருக்கும். அதை அழுத்திக்கொண்டு சாக்கெட்டின் உடலைப் பிடித்து இழுக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே அறுந்துபோகும், பிறகு அதற்கு ஓர் எலக்ட்ரீஷியன் வேண்டும். சென்சாரை இரண்டு திருகுகள் பிடித்திருக்கும். சில வண்டிகளில் சாதாரண நட்சத்திரத் திருப்புளி போதும். சிலவற்றில் ஆறு முனை கொண்ட டார்க்ஸ் திருகு, அதிலும் நடுவில் ஒரு குமிழ் இருக்கலாம். அதற்கு உரிய முனையை வாங்கிக்கொள்ளுங்கள். கட்டிங் பிளேயரால் திருகினால் திருகின் தலை மழுங்கும், அதன் பிறகு கழற்றுவது பெரும்பாடு.

சென்சாரை நேராக, ஆட்டாமல் வெளியே எடுங்கள். அதன் கழுத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், தொலைத்துவிடாதீர்கள். சென்சாரின் உடலில் காற்று போகும் திசைக்கு ஓர் அம்புக்குறி இருக்கும், அதையும் பார்த்து வையுங்கள். இப்போது அந்தச் சிறு வாய்க்குள் பார்த்தால் கம்பியோ சில்லோ தெரியும். எங்கள் வண்டியில் அது தெரியவே இல்லை. சாம்பல் நிறத்தில் பஞ்சு போல ஏதோ இருந்தது.

இங்கேதான் கை பொறுமையாக இருக்க வேண்டும். ஒரு சாண் தூரத்திலிருந்து சிறு சிறு அடியாகப் பத்துப் பதினைந்து முறை ஸ்பிரே அடியுங்கள். கம்பியின் எல்லாப் பக்கத்திலும் படும்படி திருப்பித் திருப்பி அடியுங்கள். அழுக்கு தானாகக் கரைந்து சொட்டும். டப்பாவின் மெல்லிய குழாய் முனை சில்லைத் தொடக் கூடாது. விரலால் தொடக் கூடாது. பிரஷ், துணி, பஞ்சு எதுவும் கூடாது. வாயால் ஊதக் கூடாது, டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரால் அடிக்கவே கூடாது.

முன்பு சொன்ன கதை இதுதான். அடையாறில் எல்.பி. ரோடு பக்கம் கடை வைத்திருக்கும் எங்கள் உறவினரிடம் ஒரு டீசல் கார் உண்டு. எங்கள் அனுபவத்தைக் கேட்ட அவர் மகன் அன்று மாலையே வேலையில் இறங்கினான். ஸ்பிரே சரியானதைத்தான் வாங்கியிருக்கிறான். ஒரு மூலையில் மட்டும் அழுக்கு போகவில்லை என்று காது குடையும் பஞ்சுக் குச்சியால் இலேசாகத் தேய்த்திருக்கிறான். அவ்வளவுதான். சில்லின் படலம் ஒரு மில்லிமீட்டரில் பல நூறில் ஒரு பங்கு தடிமன்கூட இருக்காது, எப்படித் தாங்கும்? அதுவரை இழுவை குறைவாக ஓடிய கார், அதன் பிறகு ஐட்லிங்கிலேயே நிற்கவில்லை. புதிய சென்சார் வாங்க வேண்டியதாயிற்று. சிறிது அழுக்கு மிச்சமிருந்தாலும் பரவாயில்லை, மறுபடி ஸ்பிரே அடியுங்கள். தேய்க்கும் எண்ணமே வேண்டாம்.

அடித்து முடித்ததும் நிழலில், சுத்தமான துணி மேல், வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்து அரை மணி நேரம் உலரவிடுங்கள். திரவம் நம் ஊர்ச் சூட்டில் சீக்கிரம் பறந்துவிடும்தான், ஆனால் உள்ளே தங்கிய ஒரு துளியோடு மின்சாரம் கொடுத்தால் சில்லு கெடலாம். காத்திருக்கும் அந்த அரை மணியை வீணாக்காமல் ஃபில்டர் பெட்டியைத் திறந்து உள்ளே உள்ள தூசி, காய்ந்த இலை, கரப்பான் பூச்சி எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். ஃபில்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓட்டை இருந்தாலும், ரப்பர் விளிம்பு பொருந்தாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். பிறகு சென்சாரிலிருந்து எஞ்சின் வரை போகும் ரப்பர் குழாயைக் கையால் மடக்கி மடக்கிப் பாருங்கள். வெடிப்பு இருக்கிறதா? கிளிப் தளர்ந்திருக்கிறதா? பெட்ரோல் வண்டியில் சென்சாரைத் தாண்டிய இடத்தில் ஓட்டை இருந்தால், தராசில் வைக்காத சரக்கு பின்வாசல் வழியாக உள்ளே வருவது போல நிறுக்காத காற்று எஞ்சினுக்குள் போகும். டர்போ உள்ள டீசல் வண்டியில், டர்போவுக்கு அப்பால் உள்ள குழாய் கிழிந்திருந்தால், நிறுத்த காற்று வழியிலேயே வெளியே போய்விடும். விசில் போன்ற சத்தம் கேட்கும். இரண்டிலும் சென்சாரை எத்தனை முறை துடைத்தாலும் பயனில்லை.

உலர்ந்ததும் ரப்பர் வளையத்தைச் சரியாக உட்கார வைத்து, அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்க, சென்சாரைச் செருகித் திருகுகளைப் போடுங்கள். பிளாஸ்டிக்தானே, அளவுக்கு மேல் முறுக்க வேண்டாம். சாக்கெட் 'டிக்' என்று பூட்டும் வரை தள்ளுங்கள். பேட்டரியை மாட்டி எஞ்சினைச் சில நிமிடம் சும்மா ஓடவிட்டுப் பிறகு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். பழைய தவறான கணக்கை மறந்து புதிய கணக்குக்குப் பழகக் கணினிக்குக் கொஞ்சம் ஓட்டம் தேவைப்படும். எஞ்சின் விளக்கு உடனே அணையாவிட்டால் ஸ்கேனரால் அழிக்கலாம், அல்லது சில நாள் ஓட்டத்தில் தானாக அணையும். அழித்த பிறகும் அதே எண் திரும்பி வந்தால் சுத்தம் செய்வதோடு தீரும் காரியமல்ல என்று தெரிந்துகொள்ளலாம்.

இதை மாதா மாதம் செய்யும் சடங்காக்க வேண்டாம். நல்ல ஃபில்டர் இருக்கும் வண்டியில் தொந்தரவு தெரிந்தால் மட்டும் போதும். சும்மா இருப்பதை அடிக்கடி கழற்றினால் சாக்கெட்டின் பூட்டு உடைவதுதான் மிச்சம். வாரண்டி உள்ள புது வண்டியில் கை வைக்காதீர்கள். கம்பெனி சர்வீஸில் சொல்லிச் செய்துகொள்ளுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

இதற்கு மட்டும் வேறு விதி. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீரில் நின்ற வண்டிகளை நாம் பார்த்தோம். ஏர் ஃபில்டர் பெட்டி அளவுக்குத் தண்ணீர் ஏறியிருந்தால், சென்சாரைத் துடைத்துவிட்டு ஸ்டார்ட் செய்து பார்ப்போம் என்று நினைக்கவே வேண்டாம். சாவியைக்கூடத் திருகாதீர்கள். காற்று போகும் வழியில் தண்ணீர் எஞ்சினுக்குள் போயிருந்தால், பிஸ்டன் தண்ணீரை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில ஆயிரம் ரூபாய்ச் சென்சார் எஞ்சின் செலவாக மாறும் இடம் அது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, படம் எடுத்து வைத்து, வண்டியைக் கட்டி இழுத்துத்தான் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். தண்ணீரில் நின்ற பிறகு ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்துக்கு இன்சூரன்ஸில் தகராறு வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மாற்றத்தான் வேண்டுமென்றால்

சுத்தம் செய்தும் சரியாகவில்லை, ஒயரும் குழாயும் நன்றாக இருக்கின்றன என்றால் சென்சாரை மாற்ற வேண்டியதுதான். பழைய சென்சாரின் மேல் அச்சிட்ட எண்ணைக் கையோடு எழுதிக்கொண்டு போங்கள். வண்டி பெயரைச் சொல்லி வாங்கினால் ஒரே வண்டியின் வேறு ஆண்டுச் சென்சாரைக் கொடுத்துவிடுவார்கள். வடிவம் பொருந்தும், கணக்கு பொருந்தாது. புதுப்பேட்டையில் கழற்றிய பழைய சென்சார்களும் கிடைக்கின்றன. அங்கே வாங்குவதானால் எண் ஒத்திருக்க வேண்டும், மாட்டி ஓட்டிப் பார்த்துச் சரியில்லையென்றால் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். பெயர் பெற்ற கம்பெனிப் பெட்டியில் வரும் போலிகளும் சந்தையில் உண்டு. விலை பாதியாக இருந்தால் நமக்குத் தெரியாதா, சரக்கு விற்பவர்கள்தானே நாமும்!

எதை வாங்கினாலும் ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு வரி 18 சதவிகிதம். அதற்கு முன் பெரும்பாலானவற்றுக்கு 28. சரக்கு ஏற்றும் வண்டியின் உதிரிபாகத்துக்கும் ரிப்பேருக்கும் கட்டிய வரியை, காம்போசிஷன் திட்டத்தில் இல்லாத வணிகர்கள் உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். ஆட்கள் பயணம் செய்யும் காரின் ரிப்பேர் பில்லுக்கு, அதில் மளிகைச் சரக்கையே ஏற்றினாலும், அந்த வரவு கிடைக்காது. அடையாறு உறவினரும் பில் வாங்கித்தான் வைத்திருந்தார். அவருடைய ஆடிட்டர் அதைப் பார்த்துவிட்டு, கார் என்ற ஒரு வார்த்தையைச் சுட்டிக்காட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.